முதல் படத்துக்கு முன்: குறும்படம் எடுப்பதும் மற்ற மூன்று வழிகளும்

திரைப்படம் இயக்க விரும்பும் இளைஞர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்று உண்டு. கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது, நண்பர்களும் ஆளுக்குக் கொஞ்சம் போடுவதாகச் சொல்கிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு குறும்படம் எடுப்பதா, அல்லது ஏதாவது ஓர் இயக்குநரிடம் உதவியாளராகச் சேர முயல்வதா? சிலர் இதனோடு திரைப்படக் கல்லூரியில் சேர்வதையும் வைத்துக் குழம்புகிறார்கள். வேறு சிலர், குறும்படத்துக்குச் செலவழிப்பதைவிட இன்னும் கொஞ்சம் கடன் வாங்கி முழுநீளப் படத்தையே எடுத்துவிடலாமே என்கிறார்கள். நான்கும் நடைமுறையில் பலரும் போய்ப் பார்த்த வழிகள்தான். எது யாருக்குப் பொருந்தும் என்பதை மட்டுமே இங்கே பார்க்கிறேன்.

குறும்படம் ஒரு வழியாகத் தமிழ்த் திரையுலகில் எப்போது நிலைபெற்றது என்பதை முதலில் நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. 2008ஆம் ஆண்டின் இறுதியில் சந்தைக்கு வந்த கேனான் 5டி மார்க் 2 போன்ற கேமராக்கள், புகைப்படக்காரர் வாடகைக்குக் கொடுக்கும் கருவியிலேயே திரையரங்கப் படத்துக்கு நெருங்கிய காட்சியைப் பதிவுசெய்ய வழி செய்தன. 2009இல் கலைஞர் தொலைக்காட்சியில் 'நாளைய இயக்குனர்' நிகழ்ச்சி தொடங்கியது. அதில் பங்கேற்ற கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன், ராம்குமார், நித்திலன் சாமிநாதன் ஆகியோர் அடுத்த சில ஆண்டுகளில் திரையரங்குகளுக்கு வந்துசேர்ந்தார்கள். அதுவரை, பத்தாண்டு உதவி இயக்குநராக இருந்தால்தான் படம் கிடைக்கும் என்ற எண்ணம் கோடம்பாக்கத்தில் ஏறக்குறைய விதியாகவே இருந்தது. மணிரத்னம் போன்ற விலக்குகள் முன்பும் உண்டென்றாலும், அவற்றைப் பார்த்து மற்றவர்கள் துணிந்து இறங்கவில்லை.

ஆனால் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பொதுவாக விட்டுவிடும் ஒரு பக்கம் இருக்கிறது. 2012இல் 'பீட்சா'வைத் தயாரித்த சி.வி. குமார், அதே ஆண்டில் 'அட்டகத்தி'யையும் தயாரித்தார். முதல் படத்தின் இயக்குநர் கார்த்திக் சுப்புராஜ், குறும்படங்கள் வழியாக வந்தவர். இரண்டாம் படத்தின் இயக்குநர் பா. இரஞ்சித், வெங்கட் பிரபுவிடம் உதவியாளராக இருந்து வந்தவர். ஒரே தயாரிப்பாளர், ஒரே ஆண்டு, இருவேறு வழிகளில் வந்த இருவர். எந்த வழி உயர்ந்தது என்று பொதுவாக வாதிடுவதில் பயனில்லை என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் பணம். ஆனால் எவ்வளவு செலவு என்பதோடு, அது யாருடைய பணம், போனால் யார் தாங்க வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். இரண்டாவது காலம். இருபத்திரண்டு வயதில் நான்கு ஆண்டு காத்திருப்பதும், வீட்டில் திருமணப் பேச்சு எடுத்துவிட்ட முப்பது வயதில் காத்திருப்பதும் ஒன்றல்ல. மூன்றாவது, அந்த வழி எந்தத் திறமையைக் கற்றுத்தருகிறது, எதைக் கற்றுத்தராது என்பது. நான்காவது, எல்லாம் முடிந்தபின் இன்னொருவரிடம் காட்டுவதற்குக் கையில் என்ன இருக்கும் என்பது. ஐந்தாவது, வழியில் யாரையெல்லாம் சந்திப்பீர்கள், அவர்களில் யார் பின்னாளில் உங்கள் பெயரை இன்னொருவரிடம் சொல்வார்கள் என்பது.

இந்த ஐந்தில் மூன்றாவதும் நான்காவதுமே முடிவைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கருத்து. பெரும்பாலோர் முதல் அளவுகோலை மட்டும் பார்த்து, செலவு குறைவு என்பதற்காகக் குறும்படத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். படம் முடிந்து, இணையத்தில் ஏறி, நண்பர்கள் பாராட்டி ஓய்ந்த பிறகுதான் அடுத்து யாரிடம் போவது என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்வி கதை எழுதுவதற்கு முன்பே எழுந்திருக்க வேண்டும்.

## குறும்படம்

ஓர் இயக்குநர் குறும்படம் எடுப்பதற்கு மூன்று வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பல குறும்படங்கள் எதற்கும் பயன்படாமல் போகின்றன.

முதல் காரணம் பயிற்சி. எழுதியதைப் படமாக்கி, படத்தொகுப்பு மேசையில் உட்கார்ந்து பார்க்கும்போது, தான் எழுதிய வசனத்தில் பாதி தேவையற்றது என்பது எந்த இயக்குநருக்கும் விளங்கிவிடும். கதாபாத்திரம் கதவைத் திறந்து உள்ளே வரும் காட்சி எங்கே தொடங்க வேண்டும், நடிகரின் முகத்தை எவ்வளவு நேரம் பிடித்துவைக்கலாம், பின்னணி இசை இல்லாவிட்டால் அந்தக் காட்சி நிற்குமா விழுமா என்பதையெல்லாம் வேறு எவரும் சொல்லிக்கொடுக்க முடியாது. இந்த நோக்கத்துக்கு எடுக்கும் படம் ஐந்து நிமிடம் இருந்தால் போதும். கைபேசியிலேயே எடுக்கலாம், யாருக்கும் காட்டாமலும் விடலாம். பயிற்சிப் படத்துக்கு லட்சக்கணக்கில் செலவழிப்பது வீண் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதே பணத்தில் பத்துச் சிறு படங்கள் எடுத்துப் பார்க்கலாம்.

இரண்டாம் காரணம் சான்று. தயாரிப்பாளரிடமோ நடிகரிடமோ கதை சொல்லப் போகும் புதியவர், வாயால் சொல்வதைத் திரையில் கொண்டுவர முடியும் என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்க இயக்குநர் டேமியன் ஷெசல் தன் 'விப்லாஷ்' திரைக்கதையிலிருந்து ஒரு காட்சிப் பகுதியை மட்டும் குறும்படமாக எடுத்து 2013 சன்டான்ஸ் விழாவில் காட்டினார். முழுப் படம் 2014இல் வந்துவிட்டது. தமிழில் 'காதலில் சொதப்புவது எப்படி', 'நேரம்', 'முண்டாசுப்பட்டி' ஆகிய மூன்றும் குறும்படங்களாக இருந்து முழுநீளப் படங்களானவை. பிரதீப் ரங்கநாதன் தன் குறும்படம் ஒன்றின் கருவை வைத்துக்கொண்டிருந்து, இரண்டாவது படமான 'லவ் டுடே'யில் 2022இல் விரித்தெடுத்தார். எம். மணிகண்டனின் 'விண்ட்' என்ற குறும்படத்தைப் பார்த்த வெற்றிமாறன்தான் பின்னர் 'காக்கா முட்டை'யின் தயாரிப்பாளர்களில் ஒருவரானார். அந்தக் குறும்படத்துக்கும் முழுநீளப் படத்துக்கும் கதையில் தொடர்பில்லை, எடுத்தவரின் கை மட்டுமே தெரிந்திருந்தது. சான்றுக்காக எடுக்கும் படம் கதையை நிரூபிக்கிறதா, இயக்குநரை நிரூபிக்கிறதா என்று இதனால்தான் பிரித்துக் கேட்க வேண்டும். கதையை நிரூபிக்க வேண்டுமென்றால் முழுக் கதையையும் பதினைந்து நிமிடத்தில் சுருக்கித் திணிக்காமல், அதன் மிக வலுவான ஒரு காட்சியை முழுமையாக எடுப்பதே நல்லது. திரையுலகில் பைலட் ஃபிலிம் என்று சொல்லப்படுவது இதுதான். இது பொதுமக்களுக்குக் காட்டுவதற்கானதே அல்ல, ஆகவே இணையத்தில் ஏற்றவும் வேண்டியதில்லை.

மூன்றாம் காரணம், சொல்ல வந்த விஷயம் அந்த அளவிலேயே முடிந்துவிடுவது. எழுத்தாளர் சிறுகதை எழுதும்போது அதை நாவலுக்கான முன்னோட்டமாக எவரும் நினைப்பதில்லை. குறும்படத்துக்கு மட்டும் அந்த மரியாதை கிடைப்பதில்லை. சத்யஜித் ராய் 1964இல் 'டூ' என்ற படத்தை வசனமே இல்லாமல் எடுத்தபோது அவர் ஏற்கெனவே உலகம் அறிந்த இயக்குநர். படத்தொகுப்பாளராகப் பெயர் பெற்றிருந்த பி. லெனின், 'நாக் அவுட்' என்ற குறும்படத்தை எடுத்துத் தேசிய விருது பெற்றார். வெஸ் ஆண்டர்சன் ரோல்ட் டாலின் கதை ஒன்றை 39 நிமிடப் படமாக எடுத்து 2024இல் ஆஸ்கர் வாங்கினார். இவர்களில் எவருக்கும் வாய்ப்புக் கேட்கும் தேவை இருக்கவில்லை. பாலு மகேந்திரா 'கதை நேரம்' தொடரில் தமிழ்ச் சிறுகதைகளை வாரந்தோறும் தொலைக்காட்சிக்குப் படமாக்கியதையும் இந்த வரிசையில் வைக்கலாம். அந்தத் தொடரில் உதவியாளராக இருந்தவர்களுக்கு அதுவே ஒரு கல்லூரியாகவும் அமைந்தது, வெற்றிமாறன் உட்பட.

இனி மறைந்திருக்கும் செலவுகள். குறும்படத்துக்கு எஸ்டிமேட் போடுகிறவர்கள் கேமரா வாடகையில் தொடங்குகிறார்கள். உண்மையில் பணத்தைத் தின்பது சாப்பாடும் வண்டியும்தான். சம்பளம் வாங்காமல் வேலை செய்யும் நண்பர்களுக்கு நேரத்துக்கு உணவு கிடைக்கவில்லையென்றால் இரண்டாம் நாள் படப்பிடிப்பு நடக்காது. அடுத்து ஒலி. புதியவர்களின் குறும்படங்களில் படம் அழகாகவும் ஒலி கேட்க முடியாததாகவும் இருப்பது ஏறக்குறைய வழக்கமாகிவிட்டது. தளத்திலேயே ஒலியைப் பதிவுசெய்யும் லைவ் சவுண்டில் எடுப்பதா, பின்னர் டப்பிங் செய்வதா என்பதைப் படப்பிடிப்புக்கு முன்பே முடிவுசெய்து, அதற்கான பணத்தை ஒதுக்கிவைக்க வேண்டும். மூன்றாவது உரிமைகள். பின்னணியில் ஒரு தேநீர்க் கடை வானொலியில் பழைய திரைப்பாடல் பத்து விநாடி ஒலித்தாலும், அதற்கு உரிமை வாங்காத படத்தை யூடியூப் தானாகவே கண்டுபிடித்துப் பாடலின் உரிமையாளருக்குத் தெரியப்படுத்திவிடும். திரைப்பட விழாக்களும் இசைக்கான அனுமதிக் கடிதத்தைக் கேட்கும்.

நான்காவது செலவு விழாக்களே. ஃபிலிம்ஃப்ரீவே போன்ற தளங்கள் வழியாக அனுப்பும்போது பல விழாக்கள் விண்ணப்பக் கட்டணம் வாங்குகின்றன. இருபது, முப்பது விழாக்களுக்கு அனுப்பினால் அந்தத் தொகை படப்பிடிப்புச் செலவை எட்டிவிடக்கூடும். மாதாமாதம் விருது வழங்கி, சான்றிதழுக்கும் கோப்பைக்கும் தனித்தனியாகப் பணம் கேட்கும் 'சர்வதேச' விழாக்கள் நிறைய முளைத்திருக்கின்றன. விழாவில் தேர்வானதைக் காட்டும் அவற்றின் இலைச்சின்னங்களைச் சுவரொட்டியில் வரிசையாக ஒட்டுவது, திரையுலகைத் தெரிந்த எவரையும் கவராது. விதிகளையும் முன்கூட்டியே படிக்க வேண்டும். ஆஸ்கர் குறும்படப் பிரிவுக்குத் தலைப்புகள் உட்பட 40 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. கான் விழாவின் குறும்படப் போட்டிக்கு 15 நிமிடமே எல்லை. இந்தியத் தேசிய விருதுக்கு அனுப்பத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். இணையத்தில் ஏற்கெனவே வெளியான படங்களை ஏற்காத விழாக்களும் உண்டு. ஆகவே இருபது நிமிடப் படத்தை எடுத்து, முடிந்த மறுநாளே யூடியூபில் ஏற்றியவர், தனக்குத் தெரியாமலேயே பல கதவுகளைச் சாத்திவிட்டுத்தான் விண்ணப்பம் அனுப்பத் தொடங்குகிறார். யூடியூப் சேனல் ஒன்றின் மூலம் வெளியிடுகிறவர்கள், ஒப்பந்தத்தில் கதையின் மறு ஆக்க உரிமை யாரிடம் போகிறது என்பதை வரி வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும். முழுநீளப் படமாக்கும் எண்ணம் இருந்தால் அந்த ஒரு வரிதான் முக்கியம்.

குறும்படம் கற்றுத்தராதவற்றில் முதன்மையானது நீளம். தமிழ் முழுநீளப் படத்துக்கு இடைவேளை உண்டு, இரண்டாம் பாதி உண்டு. முதல் ஒரு மணி நேரத்தில் கட்டியதை அடுத்த ஒரு மணி நேரத்தில் வேறு தளத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பத்து நிமிடத்தில் ஒரு திருப்பத்தை வைத்து முடித்துப் பழகிய கை, அங்கே தடுமாறுகிறது. குறும்படத்திலிருந்து விரிக்கப்பட்ட படங்களில் முதல் பாதி துள்ளலாகவும் பின்பாதி இழுவையாகவும் அமைவதற்கு இதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன். அதோடு, பத்துப் பேர் கொண்ட நண்பர் குழுவை நடத்தியவருக்கு, நூறு பேர் கொண்ட யூனிட்டை நடத்தும் பழக்கம் தானாக வந்துவிடாது. நல்ல ஒளிப்பதிவாளரும் அனுபவமுள்ள இணை இயக்குநரும் துணையாக இருந்தால் இந்தக் குறையை ஓரளவு சமாளிக்கலாம்.

இன்னொரு வரம்பு வருமானம். தனிக் குறும்படத்துக்குத் தமிழில் திரையரங்கச் சந்தை கிடையாது. ஓடிடி தளங்கள் குறும்படத் தொகுப்புகளை வாங்கத்தான் செய்கின்றன. ஆனால் 2020இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'பாவக் கதைகள்' தொகுப்பின் நால்வரும் (சுதா கொங்கரா, விக்னேஷ் சிவன், கௌதம் மேனன், வெற்றிமாறன்) ஏற்கெனவே பெயர் பெற்றவர்கள். புதியவர்களைத் திரையரங்குக்குக் கொண்டுபோன தொகுப்பு என்றால், கார்த்திக் சுப்புராஜின் ஸ்டோன் பெஞ்ச் நிறுவனம் 2016இல் வெளியிட்ட 'அவியல்' நினைவுக்கு வருகிறது. அதில் ஒரு படத்தை இயக்கிய லோகேஷ் கனகராஜ் மறு ஆண்டில் 'மாநகரம்' எடுத்தார். அப்படிப்பட்ட முயற்சிகள் அடிக்கடி நடப்பதில்லை. போட்ட பணம் திரும்பாது என்று வைத்துக்கொண்டுதான் குறும்படத்தில் இறங்க வேண்டும்.

## உதவி இயக்குநர்

இந்த வழியில் கைப்பணம் போவதில்லை, வயது போகிறது. பாரதிராஜாவிடமிருந்து பாக்யராஜும், ஷங்கரிடமிருந்து வசந்தபாலனும் பாலாஜி சக்திவேலும், ராமிடமிருந்து மாரி செல்வராஜும் வந்த மரபு இது. படப்பிடிப்புக்கு முன் காட்சிகளைப் பிரித்து அட்டவணை போடுவது, நடிகர்கள் ஒதுக்கித் தரும் நாட்களுக்கு (கால்ஷீட்) ஏற்ப அதை மாற்றுவது, துணை நடிகர் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது, உடை முதல் தலைமுடி வரை ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததற்கும் மாறாமல் இருக்கிறதா என்று கன்டினியூட்டி பார்ப்பது, டப்பிங்கில் வசனம் உதட்டசைவோடு பொருந்துகிறதா என்று கவனிப்பது ஆகிய வேலைகளைச் செய்து செய்து, படம் என்பது எத்தனை பேரின் உழைப்பை நேரத்துக்குக் கோத்துக்கொண்டு போகும் காரியம் என்பது உடம்பில் ஏறிவிடும். மழை வந்து படப்பிடிப்பு நின்ற நாளில் மாற்றுக் காட்சியைத் தயார்செய்யும் இயக்குநரைப் பக்கத்தில் நின்று பார்த்தவருக்குக் கிடைக்கும் பாடத்தை எந்தக் குறும்படமும் தராது. நடிகர்களுக்கும் தயாரிப்பு நிர்வாகிகளுக்கும் முகம் தெரிந்தவராகிவிடுவது இன்னொரு நன்மை. தளத்தில் தன்னிடம் வசனத்தைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த உதவி இயக்குநருக்குக் கதை கேட்க ஒரு மணி நேரம் ஒதுக்குவது நடிகருக்குச் சுலபம்.

சங்கடங்களும் சிறியவை அல்ல. படப்பிடிப்பு நாட்களில் பேட்டா எனப்படும் தினப்படி கிடைக்கும். கதை விவாதம் மாதக்கணக்கில் நடக்கும்போது பல இடங்களில் அதுவும் கிடைக்காது. சாலிகிராமத்திலும் வளசரவாக்கத்திலும் நான்கைந்து பேராக அறை எடுத்துத் தங்கும் செலவு ஊரிலிருந்தோ வேறு வேலையிலிருந்தோ வர வேண்டும். சேர்ந்த படம் பாதியில் நின்றுபோனால், இரண்டு ஆண்டு உழைப்புக்குத் திரையில் பெயர்கூட மிஞ்சாது. இயக்குநரின் பாணி தன்னையறியாமல் ஒட்டிக்கொள்வதும் நடக்கிறது. சொந்தக் கதையை எழுதும்போதுகூட 'சார் இதை எப்படி எடுப்பார்' என்ற எண்ணம் முன்னால் வந்து நிற்கும். எல்லாவற்றையும்விடப் பெரியது, இத்தனை ஆண்டுகள் முடிந்தபின்னும் 'இது நான் எடுத்தது' என்று காட்டக் கையில் ஒரு நிமிடப் படம்கூட இல்லாமல் போவது. நான்காவது அளவுகோலில் இந்த வழி முற்றிலும் வெறுங்கை.

உதவியாளராகச் சேர்வதற்கே இன்று பல இயக்குநர் அலுவலகங்களில் 'ஏதாவது குறும்படம் எடுத்திருக்கிறீர்களா' என்று கேட்கிறார்கள். ஆகவே இவ்விரு வழிகளும் எதிரெதிரானவை என்ற எண்ணத்தை விட்டுவிடலாம்.

## திரைப்படக் கல்லூரி

கல்லூரி என்றதும் மூன்று வகைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 1960இல் தொடங்கப்பட்ட பூனே திரைப்படக் கல்லூரி, கொல்கத்தாவின் சத்யஜித் ராய் நிறுவனம் ஆகிய மத்திய அரசு நிறுவனங்கள் முதல் வகை. சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட நிறுவனம் இரண்டாவது. தனியார் கல்லூரிகள் மூன்றாவது. பூனேயில் இயக்கம் மூன்று ஆண்டுப் படிப்பு. தேர்வில் தேறி உள்ளே போவது கடினம், போனால் உலக சினிமாவைத் திரையிலேயே பார்க்கும் வாய்ப்பும், நிறுவனத்தின் செலவில் படம் எடுக்கும் வாய்ப்பும் உண்டு. அங்கே எடுக்கும் குறும்படங்கள் கான் விழாவின் மாணவர் பிரிவுக்குப் போக முடியும். பாயல் கபாடியாவின் பூனே மாணவப் படம் 2017இல் அந்தப் பிரிவில் திரையிடப்பட்டது. 2024இல் அவருடைய முழுநீளப் படம் அதே விழாவில் இரண்டாவது உயரிய விருதான கிராண்ட் பிரி வென்றது. அதே 2024இல் சிதானந்த நாயக்கின் பூனே மாணவப் படம் மாணவர் பிரிவின் முதல் பரிசைப் பெற்றது. அந்தப் பிரிவு திரைப்படப் பள்ளிகளின் படங்களுக்கே உரியது என்பதால், வெளியே சொந்தக் காசில் எடுக்கும் குறும்படத்துக்கு அந்தக் கதவு திறக்காது.

சென்னைக் கல்லூரியின் சிறப்பு வேறு. ஒளிப்பதிவு, ஒலி, படத்தொகுப்பு, இயக்கம் எல்லாம் படிக்கும் மாணவர்கள் ஒரே வளாகத்தில் இருப்பதால், பின்னாளில் ஒன்றாக வேலை செய்யும் கூட்டணி அங்கேயே அமைந்துவிடுகிறது. 1986இல் 'ஊமை விழிகள்' அந்தக் கல்லூரி மாணவர்களின் கூட்டு முயற்சியாக வந்து திரையுலகைத் திரும்பிப் பார்க்கவைத்தது. அரசுக் கல்லூரி என்பதால் கட்டணமும் தாங்கக்கூடியது.

தனியார் கல்லூரிகளைப் பொறுத்தவரை ஒரே ஓர் அறிவுரைதான்: கட்டணத்தைக் கேட்ட பிறகு, அந்தக் கட்டணத்தில் மாணவர் ஒருவர் எத்தனை படங்கள் இயக்குவார், கருவிகள் எத்தனை நாள் கையில் கிடைக்கும், எடுத்த படத்தின் உரிமை யாருக்கு என்று எழுத்தில் கேளுங்கள். விடை தெளிவாக இல்லையென்றால், அதே தொகையில் நீங்களே எத்தனை குறும்படங்கள் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது கடினமல்ல.

## நேரடியாக முழுநீளப் படம்

குறும்படத்தைத் தாண்டிக் குதிக்க நினைக்கிறவர்கள் சுட்டும் உதாரணம் பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்'. மதுரைப் பக்கத்து வறண்ட நிலத்தில், ஒரு தந்தையும் மகனும் நடக்கும் நடையை வைத்து எடுக்கப்பட்ட அந்தப் படம், 2021இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் விழாவில் அதன் முதன்மை விருதான டைகர் விருது பெற்றது; அவ்வாண்டு ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது. இத்தனைக்குப் பிறகும் அது தமிழ்ப் பார்வையாளரின் வீட்டுக்கு ஓடிடி வழியாக வந்துசேர்ந்தது 2023இல்தான். விருது பெற்ற படத்துக்கே இவ்வளவு காத்திருப்பு என்றால், விருது பெறாத சிறு படத்தின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த வழியின் மறைந்த செலவு, படம் முடிந்தபின் தொடங்குகிறது. தணிக்கை, விளம்பரம், திரையரங்குகளுக்கு டிஜிட்டல் முறையில் படத்தை அனுப்பும் கட்டணம் என்று வரிசையாக வரும். அந்த டிஜிட்டல் கட்டணத்தை எதிர்த்து 2018 மார்ச் மாதம் தமிழ்த் தயாரிப்பாளர்கள் புதுப்படங்களை வெளியிடாமல் போராடியதை நினைத்துப் பார்த்தால், பெரிய நிறுவனங்களுக்கே அது எவ்வளவு பாரம் என்பது புரியும். வெளியீட்டுக்குப் பணம் ஒதுக்காமல் எடுத்து முடித்து, ஹார்ட் டிஸ்க்கிலேயே தங்கிவிட்ட சிறு படங்கள் பல. குறும்படம் தோற்றால் சேமிப்போடு போகும். முழுநீளப் படம் தோற்றால் கடனும் உறவுகளும் சேர்ந்து பாதிக்கப்படும். முதல் படம் தோற்ற இயக்குநர் என்ற பெயரோடு இரண்டாம் படத்துக்குத் தயாரிப்பாளரைத் தேடுவது, பெயரே இல்லாத புதியவராகத் தேடுவதைவிடக் கடினம்.

இதற்கு மாறாக, கதை மிகக் குறைந்த நடிகர்களோடும் நீங்கள் நன்கறிந்த நிலத்திலும் நடப்பதாக இருந்து, திரையரங்கைவிட விழாக்களையே முதலில் எதிர்பார்க்கிறீர்கள் என்றால், இந்த வழியைத் தள்ளிவிட வேண்டியதில்லை. கோவாவில் ஆண்டுதோறும் நடக்கும் ஃபிலிம் பஜாரில், முடியும் நிலையில் உள்ள படங்களைப் பார்த்து ஆலோசனை சொல்லும் பிரிவு உண்டு. அப்படியொரு இடத்துக்குப் போகும் அளவுக்குப் படத்தொகுப்பு வரையாவது பணம் இருக்கிறதா என்பதே முதலில் கேட்க வேண்டியது.

## ஒரு பார்வையில்

| | குறும்படம் | உதவி இயக்குநர் | கல்லூரி | முழுநீளப் படம் |
|---|---|---|---|---|
| பணம் | சொந்தச் சேமிப்பு. திரும்பாது | கைச்செலவு மட்டும். வருமானமும் நிலையற்றது | அரசுக் கல்லூரியில் குறைவு. தனியாரில் மிக அதிகம் | கடன். இழப்பு பெரிது |
| காலம் | சில மாதங்கள் | பல ஆண்டுகள், முடிவு தெரியாது | 3 அல்லது 4 ஆண்டுகள் | 2 ஆண்டுக்குக் குறையாது |
| கற்பது | காட்சி, படத்தொகுப்பு, சொந்த எழுத்தின் குறை | தளம், திட்டமிடல், மனிதர்களைக் கையாளுதல் | நுட்பம், சினிமா வரலாறு | எல்லாமே, அதிக விலையில் |
| கையில் மிஞ்சுவது | காட்டக்கூடிய ஒரு படம் | தொடர்புகள் | மாணவப் படம், நண்பர் குழு | முழுப் படம், வெளியானால் |

## யாருக்கு எது

மாதச் சம்பள வேலையில் இருந்துகொண்டு வார இறுதிகளில் மட்டும் நேரம் கிடைக்கிறவருக்குக் குறும்படமே பொருத்தம். லோகேஷ் கனகராஜ் வங்கியிலும் கார்த்திக் சுப்புராஜ் மென்பொருள் துறையிலும் வேலையில் இருந்தபோதுதான் குறும்படங்களில் இறங்கினார்கள். வேலையை விட்டுவிட்டு எடுக்கும் முதல் குறும்படத்தைவிட, வேலையில் இருந்துகொண்டே எடுக்கும் மூன்றாவது குறும்படம் நன்றாக அமைய வாய்ப்பு அதிகம். ஆனால் வாய்ப்பு வரும்போது, மனதில் உள்ள பெரிய கதையோடு வராது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்: கார்த்திக் சுப்புராஜ் முதலில் எடுக்க நினைத்தது 'ஜிகர்தண்டா'. அதன் செலவுக்குத் தயாரிப்பாளர் அமையாததால், சிறு செலவில் முடியும் 'பீட்சா'வை எழுதினார். குறும்படம் காட்டி வாய்ப்புக் கேட்கப் போகிறவர்கள், பெரிய கதையோடு சிறிய கதை ஒன்றையும் எழுதி முடித்து வைத்திருக்க வேண்டும். இரண்டையும் எழுத்தாளர் சங்கத்தில் பதிவுசெய்துவிட்டுப் போவது இன்னும் நல்லது.

பன்னிரண்டாம் வகுப்பை முடித்த, சினிமாவைத் தவிர வேறெதையும் நினைக்க முடியாத மாணவருக்குத் தரமணிக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கச் சொல்வேன். இடம் கிடைக்கவில்லையென்றால், வேறு ஏதாவது பட்டம் படித்துக்கொண்டே கைபேசியில் சிறு படங்கள் எடுக்கலாம். கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் சேர்வதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்வது நல்லது.

எழுத்து நன்றாக வருகிறது, ஆனால் நான்கு பேரிடம் வேலை வாங்கத் தெரியவில்லை என்று தன்னைப் பற்றித் தெரிந்தவர், ஒரே ஒரு படத்திலாவது உதவி இயக்குநராக வேலை செய்ய வேண்டும். பத்தாண்டு தேவையில்லை. கதை விவாதத்தில் தொடங்கி வெளியீடு வரை ஒரு முழுச் சுற்று போதும். சேரும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புக் கிடைத்தால், பெரிய நட்சத்திரப் படத்தின் பதினைந்தாவது உதவியாளராக இருப்பதைவிட, சிறு படத்தின் மூன்றாவது உதவியாளராக இருப்பதையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். முதலாமவர் பெரும்பாலும் கூட்டத்தைத்தான் ஒழுங்குபடுத்திக்கொண்டிருப்பார். இரண்டாமவர் எல்லா மேசையிலும் இருப்பார்.

கடைசியாக, ஆறேழு ஆண்டுகள் உதவி இயக்குநராகவும் இணை இயக்குநராகவும் இருந்து, முழுமையாக எழுதி முடித்த திரைக்கதைப் பிரதியோடு (பவுண்ட் ஸ்கிரிப்ட்) தயாரிப்பாளர் அலுவலகங்களில் காத்திருப்பவர்கள். இவர்களே குறும்படத்தால் அதிகம் பயனடையக்கூடியவர்கள் என்பது என் எண்ணம். ஆனால் குறும்படம் புதியவர்களுக்கு உரியது என்ற தயக்கத்தால் எடுக்காமல் இருப்பவர்களும் இவர்களே. தளத்தை நடத்தும் திறமை இவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, தெரிந்த ஒளிப்பதிவாளரும் படத்தொகுப்பாளரும் ஒரு நாள் உதவிக்கு வருவார்கள், குறைவது சான்று மட்டும்தான். இவர்கள் புதுக் கதை தேட வேண்டியதில்லை. கையில் இருக்கும் திரைக்கதையிலிருந்து ஏழெட்டு நிமிடக் காட்சி ஒன்றை, இரண்டு நடிகர்கள், ஒரே இடம் என்று வைத்து, இரண்டு நாளில் எடுத்துவிடலாம். யாரிடம் காட்டப் போகிறோம் என்பது இவர்களுக்கு முன்கூட்டியே தெரியும் என்பதால், எப்படிப் பார்க்கப்போகிறார் என்பதையும் கணக்கில் கொள்ளலாம். அது பெரும்பாலும் காரில் போய்க்கொண்டிருக்கும்போது கைபேசியில்தான். ஆகவே முதல் நிமிடத்திலேயே காட்சி பிடிக்க வேண்டும், கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியிலும் வசனம் தெளிவாகக் கேட்கும்படி ஒலிக்கலவையைச் செய்ய வேண்டும், கடவுச்சொல் கேட்காமல் திறக்கும் இணைப்பாக அனுப்ப வேண்டும்.